கேமை நீங்க வாங்கல, குத்தகைக்கு எடுத்திருக்கீங்க

நம்ம சேனல்ல கேமிங் கம்ப்யூட்டர் வாங்குறதைப் பத்தி வீடியோ போட்டதிலிருந்து வர்ற கேள்விகள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு விலை, நோ காஸ்ட் இஎம்ஐ, கிரெடிட் கார்டு தள்ளுபடி இதையே சுத்தி வருது. 85,000 ரூபாய்க்கு மெஷின் வாங்குறவர் 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்க மூணு கடை ஏறி இறங்குறார். நல்ல பழக்கம்தான். ஆனா வாங்கின பிறகு அந்த மெஷினுக்குள்ள கேம் கம்பெனி என்னென்ன பூட்டைக் கொண்டு வந்து மாட்டுது, அதனால நமக்கு என்ன செலவுன்னு கேட்டவங்க ரொம்பக் குறைவு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பூட்டு போட்டு வர்ற கேமை சொத்து மாதிரி நினைச்சு முழு விலை கொடுக்காதீங்க. பணம் புழங்குற கம்ப்யூட்டர்ல அதை ஏத்தவே ஏத்தாதீங்க.

இது பசங்க விளையாட்டு சமாச்சாரம், ஆடிட்டருக்கு இதுல என்ன வேலைன்னு தோணலாம். ஒரத்தநாடு பக்கம் ரைஸ் மில் வச்சிருக்கிற கிளையண்ட் ஒருத்தர், மாசம் 19-ம் தேதி ராத்திரி போன் பண்ணினார். "ஆடிட்டர் சார், கம்ப்யூட்டர் நீலக்கலர்ல நின்னுக்கிட்டு 48 நம்பர் கேக்குது. நான் எந்த நம்பருக்கு சார் போவேன்?" விஷயம் என்னன்னா, காலேஜ் படிக்கிற பையன் ஒரு ஆன்லைன் ஷூட்டிங் கேம் போட்டிருக்கான். அந்த கேம், பயாஸ்ல போய் செக்யூர் பூட்டை ஆன் பண்ணினாத்தான் ஓடுவேன்னு சொல்லியிருக்கு. தம்பி யூடியூப் பார்த்து பயாஸை மாத்திட்டான். அடுத்த தடவை மெஷினை ஆன் பண்ணினப்ப விண்டோஸ், யாரோ திருடன் கை வச்சுட்டான்னு நினைச்சு டிஸ்க்கைப் பூட்டிடுச்சு. அதைத் திறக்கத்தான் அந்த 48 இலக்க ரெக்கவரி கீ. அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். அந்த அக்கவுண்ட்டை உருவாக்கினது மெஷினை அசெம்பிள் பண்ணின கடைப் பையன். அவன் வேலையை விட்டுட்டுப் போய் ஆறு மாசம் ஆச்சு.

மில்லோட டாலி டேட்டா, ஜிஎஸ்டி லாகின், பேங்க் கரண்ட் அக்கவுண்ட், அப்பாவோட டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர், எல்லாம் அதே மெஷின்ல. "புது மெஷின் வேகமா இருக்குல்ல சார், எதுக்கு ரெண்டு"ன்னு அங்கேயே மாத்தியிருக்காங்க. ஜிஎஸ்டிஆர்-3பி 20-ம் தேதிக்குப் பதிலா 22-ம் தேதி போச்சு. தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய், கட்டவேண்டிய வரிக்கு வருஷம் 18 சதவீத வட்டி. கணக்குப் பார்த்தா பெரிய தொகை இல்ல. ஆனா அறுவடை நேரத்துல ரெண்டு நாள் லாரிக்கு பில்லை கையில எழுதிக்கிட்டு, பழைய பாக்கி யாருக்கு எவ்வளவுன்னு தெரியாம நின்னாங்க. அந்த கேமோட விலை என்ன தெரியுமா? இலவசம்.

தம்பி மேல எனக்குக் கோபம் இல்ல. கேம் சொன்னதைச் செஞ்சான். வீட்டு சாவிக்கொத்தை எதுக்குக் கேக்குறீங்கன்னு கேட்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரலை.

பூட்டு எங்கே மாட்டுறாங்க

கேமோட வர்ற பூட்டு ரெண்டு வகை. ஒண்ணு, திருட்டுக் காப்பி போடாம தடுக்குறது. டிஆர்எம்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு, ஆன்லைன்ல ஏமாத்தி ஆடாம தடுக்குற ஆன்டி-சீட். நோக்கம் வேற வேற. ஆனா ரெண்டுமே நம்ம கம்ப்யூட்டர்ல நம்மளைக் கண்காணிக்க வச்ச ஆள்தான். அந்த ஆள் எவ்வளவு உள்ளே வர்றாருங்கிறதுதான் கேள்வி.

விண்டோஸை ஒரு மில்லா நினைச்சுக்கோங்க. பிரவுசர், எக்செல், டாலி எல்லாம் கேட்ல பாஸ் வாங்கிட்டு உள்ளே வந்து தன் வேலையைப் பார்த்துட்டுப் போற ஆளுங்க. கெர்னல் டிரைவர்ங்கிறது கோடவுன் சாவி, கல்லாப்பெட்டி சாவி, சிசிடிவி ரூம் சாவி எல்லாத்தையும் இடுப்புல சொருகிக்கிட்டு சுத்துற ஆள். அவர் நல்லவரா இருக்கலாம். ஆனா அவர் தடுக்கி விழுந்தா மில்லே நிக்கும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு பாதுகாப்பு மென்பொருள், ஒரு தப்பான அப்டேட். உலகம் பூரா சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நின்னுச்சு. நம்ம ஊர் ஏர்போர்ட்கள்ல போர்டிங் பாஸை கையில எழுதிக் கொடுத்தாங்க. அது திருட்டு மென்பொருள் இல்ல, காசு கொடுத்து வாங்கின காவல்காரர். கெர்னல்ல உட்கார்ந்திருந்ததாலதான் அவ்வளவு சேதம்.

கேம் உலகத்துக்கு இந்தப் பாடம் புதுசு இல்ல. 2005-ல சோனி பிஎம்ஜி கம்பெனி பாட்டு சிடிக்குள்ள காப்பி தடுப்பு மென்பொருள் வச்சு வித்தாங்க. சிடியை கம்ப்யூட்டர்ல போட்டா அது விண்டோஸ் அடியாழத்துல போய் ஒளிஞ்சுக்கும். ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கோர்வையில பெயர் தொடங்குற எந்த ஃபைலையும் கண்ணுக்குத் தெரியாம மறைச்சுடும். அந்த வருஷம் அக்டோபர் 31-ம் தேதி மார்க் ருசினோவிச்ங்கிற விண்டோஸ் நிபுணர் இதைக் கண்டுபிடிச்சு எழுதினார். அடுத்த சில நாள்லயே வைரஸ் எழுதுறவங்க தங்களோட ஃபைலுக்கும் அதே எழுத்துக்கோர்வையில பெயர் வச்சு அந்த மறைப்புக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாங்க. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேம்ல ஏமாத்தி ஆடுறவங்களும் அதே மறைப்பைத்தான் பயன்படுத்தினாங்க. கடைசியில சிடியைத் திரும்ப வாங்கினாங்க. அமெரிக்காவோட வர்த்தக ஆணையம் 2007-ல போட்ட சமரசத்துல, கம்ப்யூட்டர் பாழானவங்களுக்கு 150 டாலர் வரை ரிப்பேர் செலவு கொடுக்க வச்சாங்க. ஓசியில டவுன்லோடு பண்ணினவனுக்கு இந்தத் தொல்லையே இல்லைங்கிறதைக் கவனிங்க.

இன்னும் கிட்டத்து உதாரணம் வேணுமா? கென்ஷின் இம்பாக்ட் கேமோட ஆன்டி-சீட் டிரைவர். 2022 ஆகஸ்ட்ல டிரெண்ட் மைக்ரோ கம்பெனி வெளியிட்ட அறிக்கைப்படி, ரான்சம்வேர் கும்பல் அந்த டிரைவரை மட்டும் தனியா எடுத்துட்டு வந்து, கேமே இல்லாத கம்ப்யூட்டர்ல இறக்கி, அதை வச்சே ஆன்டி-வைரஸை நிறுத்தியிருக்காங்க. டிரைவர்ல முறையான கையெழுத்து இருந்ததால விண்டோஸ் வழிவிட்டுடுச்சு.

இன்னைக்கு வேலரன்ட் ஆடுறவங்க மெஷின்ல வேன்கார்டுன்னு ஒரு டிரைவர், கேம் திறக்காதப்பவும், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஏறிடும். அதை ரையட் கம்பெனி ஒளிச்சு வைக்கல, வெளிப்படையாவே சொல்றாங்க. வேணாம்னா கீழே டாஸ்க்பார் மூலையில இருக்கிற ஐகானை அழுத்தி நிறுத்தலாம். திரும்ப ஆடணும்னா ரீஸ்டார்ட் பண்ணணும். இது நேர்மையான ஏற்பாடு. ஆனாலும் என் பேங்க் லாகின் இருக்கிற மெஷின்ல அதை வைக்க மாட்டேன்.

டெனுவோ பத்தி ஒரு திருத்தம். பசங்க நிறைய பேர் டெனுவோன்னாலே கெர்னல்ல உட்காருற பூதம்னு நினைக்கிறாங்க. ஆஸ்திரியாவுல உருவான அந்தக் காப்பி தடுப்பு கேம் ஃபைலுக்குள்ளேயேதான் இருக்கு, டிரைவர் எதுவும் போடுறதில்ல. அதோட பிரச்சினை வேற. உங்க மெஷினோட அடையாளத்தை சர்வருக்கு அனுப்பி அனுமதிச் சீட்டு வாங்கணும். மெஷின்ல பெரிய மாற்றம் வந்தா மறுபடியும் வாங்கணும். 2021 நவம்பர்ல அந்த சர்வர் பக்கம் ஒரு கோளாறு வந்தப்ப, காசு கொடுத்து வாங்கின பல கேம்கள் திறக்கவே இல்ல. வேகமும் குறையுதுன்னு பெரிய வாக்குவாதம் உண்டு. ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் விஷயத்துல 2021 ஜூலையில, பூட்டை உடைச்ச காப்பிதான் ஒரிஜினலை விட திணறாம ஓடுதுன்னு டிஜிட்டல் ஃபவுண்டரி சோதிச்சுக் காட்டினாங்க. கேப்காம் கம்பெனி உடனே ஒரு திருத்தம் வெளியிட்டுச்சு. 30,000 ரூபாய்க்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கி அதுல ஒரு பங்கைப் பூட்டு தின்னா அதுவும் ஒரு செலவுதானே.

நான் பூட்டுக்கு விரோதி இல்ல

சொல்லப்போனா என் ஆபீஸ்ல பாதி வேலை பூட்டோடதான் ஓடுது. பழைய டாலி பதிப்புகள் ஓட்டினவங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டர் பின்னாடி பிரிண்டர் போர்ட்ல ஒரு சின்ன டாங்கிளைச் சொருகணும். அது இல்லைன்னா டாலி கல்வி மோடுலதான் திறக்கும். சீனியர் ஆடிட்டர்கள் அதை ராத்திரி எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டுப் போவாங்கன்னு சொல்லுவாங்க. இன்னைக்கு டாங்கிள் போய் சீரியல் நம்பர், ஆக்டிவேஷன் வந்தாச்சு. ஆனா டாலியில ஒரு நல்ல பழக்கம் இருக்கு. மெஷினை மாத்தணும்னா லைசென்ஸை 'சரண்டர்' பண்ணிட்டு புது மெஷின்ல ஏத்திக்கலாம்.

2008-ல வந்த ஸ்போர் கேமை எடுத்துக்கோங்க. செக்யூராம்ங்கிற பூட்டு, மூணே மூணு தடவைதான் ஆக்டிவேட் பண்ணலாம். நாலாவது தடவை கம்பெனிக்கு போன் பண்ணிக் கெஞ்சணும். சரண்டர் வசதி தொடக்கத்துல இல்ல. அமேசான்ல ஒரு ஸ்டார் விமர்சனம் ஆயிரக்கணக்குல குவிஞ்சுது, அப்புறம்தான் எண்ணிக்கையை அஞ்சா ஏத்தினாங்க. வழக்கும் வந்துச்சு. அந்த வருஷம் அதிகம் திருடப்பட்ட கேம்கள்ல அதுவும் ஒண்ணு. பூட்டு யாரைத் தடுத்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

ஜிஎஸ்டி தளத்துல டிஜிட்டல் கையெழுத்து போட எம்சைனர், வருமான வரித் தளத்துக்கு எம்பிரிட்ஜ், டோக்கனுக்கு ஒரு டிரைவர்னு அரசாங்க வேலைக்கே நாங்க மூணு மென்பொருளைச் சுமக்குறோம். அதனால யாரும் எதையும் என் மெஷின்ல போடக்கூடாதுன்னு நான் வாதாட முடியாது. கேட்கிறது ஒண்ணுதான்: என்ன போடுறேன்னு முன்னாடியே சொல்லு, நான் விலகும்போது நீயும் கிளம்பு.

குத்தகைன்னா என்னன்னு டெல்டாக்காரனுக்குத் தெரியும்

இப்ப காசு விஷயத்துக்கு வருவோம். ஸ்டோர்ல 'வாங்கு'ன்னு பட்டன் இருக்கு. 4,000 ரூபாய் கட்டுறீங்க. ஜிஎஸ்டி 18 சதவீதம் உள்ளடக்கம்னா கேமுக்கு 3,390, வரி 610. பில்லும் வருது. எல்லாம் வாங்கின மாதிரியே இருக்கு. ஆனா ஒப்பந்தத்துல இருக்கிறது லைசென்ஸ், அதாவது பயன்படுத்திக்க அனுமதி. அதை விற்க முடியாது, தம்பிக்கு எழுதி வைக்க முடியாது, கம்பெனி நினைச்சா முடிச்சுக்கலாம்.

தி க்ரூன்னு ஒரு கார் ரேஸ் கேம், 2014-ல யூபிசாஃப்ட் வெளியிட்டது. தனியா ஆடினாலும் கம்பெனி சர்வர் வேணும். 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினாங்க. முழு விலை கொடுத்து வாங்கினவர் கையிலும் ஒண்ணும் மிச்சமில்ல. அதோட விடலை, வாங்கினவங்களோட லைப்ரரியிலிருந்து லைசென்ஸையே எடுத்துட்டாங்க. கலிபோர்னியாவுல ரெண்டு பேர் வழக்குப் போட்டாங்க. ஐரோப்பாவுல 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' கோரிக்கை 2025 ஜூலையில 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டினதுக்கும் இதுதான் தொடக்கம். கலிபோர்னியாவுல 2025 ஜனவரி 1 முதல், லைசென்ஸை விக்கிறவன் 'வாங்கு'ன்னு சொல்லணும்னா இது வெறும் லைசென்ஸ்தான்னு தெளிவாச் சொல்லியாகணும்னு சட்டமே வந்துடுச்சு. ஸ்டீம்ல பணம் கட்டுற பக்கத்துல அந்த வரி இப்ப வர்றது அந்த நேரத்துல சேர்த்ததுதான்.

நம்ம ஊர்ல இதுக்குப் பேர் குத்தகை. குத்தகை கேவலம் இல்ல, தஞ்சாவூர் விவசாயத்துல பாதிக் கதை குத்தகைதான். ஆனா நிலத்துக் குத்தகைதாரருக்கு இருக்கிற பாதுகாப்பைப் பாருங்க. ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்ப 1952-ல, தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே தனியா ஒரு குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1955-ல மாநிலம் முழுசுக்கும் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1969-ல குத்தகை உரிமையைப் பதிவு பண்ண இன்னொரு சட்டம். மிராசுதார் காலையில எழுந்து "நாளையிலிருந்து வயல்ல இறங்காதே"ன்னு சொல்ல முடியாது. சட்டத்துல சொன்ன காரணம் இருக்கணும், அதிகாரி முன்னாடி மனுப் போடணும், குத்தகைதாரர் தரப்பைக் கேட்கணும். போராடி வாங்கின உரிமை அது. கேம் வாங்குறவர் அந்தச் சட்டங்களுக்கெல்லாம் முந்தின நிலைமையில நிக்கிறார், அதுவும் முழு விலையை முன்பணமா கட்டிட்டு.

இதுல ஒரு வேடிக்கை ஆடிட்டர்களுக்கு மட்டும்தான் நல்லாப் புரியும். டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் ஆந்திர அரசோட நடத்தின வழக்குல, 2004 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், டிஸ்க்ல வச்சு விக்கிற ரெடிமேட் மென்பொருள் 'சரக்கு', அதுக்கு விற்பனை வரி உண்டுன்னு சொல்லிடுச்சு. 2021 மார்ச்ல இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்குல, வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கட்டுற மென்பொருள் காசு ராயல்டி இல்ல, லைசென்ஸ்னு பேர் வச்சாலும் அது ஒரு பிரதியோட விற்பனைதான்னு தீர்ப்பு. ஆக வரி யார் கட்டுறதுன்னு பேசும்போது அது விற்பனை. நீங்க "வாங்கினேனே, ஏன் திறக்கலை"ன்னு கேட்டா அது லைசென்ஸ். ஜிஎஸ்டியில டவுன்லோடு பண்றதை சேவைன்னு வேற வச்சிருக்காங்க. எந்தப் பேர் வச்சாலும் 18 சதவீதம் மட்டும் மாறாம வருது.

டிஸ்க்ல வாங்கினவங்களும் தப்பிக்கலை. 2000-களில் வந்த பல கேம்கள்ல சேஃப்டிஸ்க்னு ஒரு பூட்டு. அதுக்கான டிரைவர்ல பாதுகாப்பு ஓட்டை இருந்ததால விண்டோஸ் 10-ல மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்ல. 2015 செப்டம்பர் அப்டேட்ல பழைய விண்டோஸ்லயும் நிறுத்திட்டாங்க. மைக்ரோசாஃப்ட் செஞ்சது சரிதான். ஆனா அலமாரியில ஒரிஜினல் சிடி, பெட்டி, பில் எல்லாம் வச்சிருக்கிறவர் இன்னைக்கு அந்த கேமை அப்படியே ஆட முடியாது.

நம்ம பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவுல, முறையா வாங்கின மென்பொருளுக்குப் பாதுகாப்புக்காக ஒரு காப்பி எடுத்து வச்சுக்கலாம்னு இருக்கு. விதை நெல் எடுத்து வைக்கிற மாதிரி. 2012 திருத்தத்துல வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோட பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரை சிறைங்குது. காப்பி எடுக்க உரிமை உண்டு, எடுக்க முடியாதபடி பூட்டவும் கம்பெனிக்குத் தடை இல்ல. குதிருக்கு உரிமை கொடுத்துட்டு விதை நெல்லை அவிச்சுக் கொடுக்கிற கதை.

இன்டர்நெட் விஷயத்தையும் சேர்த்துக்கோங்க. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா கரையைக் கடந்தப்ப, பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் கரண்ட் திரும்பி வரவே வாரக்கணக்காச்சு. அப்ப யாருக்கும் கேம் ஞாபகம் இல்ல, சரிதான். ஆனா ஒவ்வொரு மழைக்காலத்துலயும் ஃபைபர் ரெண்டு நாள், மூணு நாள் போறது நமக்கு வழக்கம். எப்பவும் ஆன்லைன்ல இருக்கணும்னு கேட்கிற பூட்டை வடிவமைச்சவர் எந்த ஊர்ல உட்கார்ந்து யோசிச்சாரோ தெரியாது, நிச்சயமா திருத்துறைப்பூண்டியில இல்ல.

அப்போ கிராக் போட்டுக்கலாமா?

வேண்டாம். "அவன் என்னை ஏமாத்துறான், நான் ஏன் காசு கொடுக்கணும்"னு கேட்கிற கோபம் புரியுது. ஆனா கிராக் ஃபைல் முதல்ல கேட்கிறதே, ஆன்டி-வைரஸை நிறுத்து, அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டு. கம்பெனி வச்ச காவல்காரர் பிடிக்கலைன்னு, முகம் தெரியாத ஒருத்தன்கிட்ட அதே சாவிக்கொத்தைக் கொடுக்குறோம். கம்பெனியையாவது கேள்வி கேட்கலாம், இவனை எங்கே போய்த் தேடுறது?

சட்டமும் இருக்கு. 63பி பிரிவு, தெரிஞ்சே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினா 7 நாள்லேர்ந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தலைன்னா கோர்ட் சிறைத் தண்டனையைத் தவிர்த்து 50,000 வரை அபராதத்தோட விடலாம். வீட்டுல ஆடுற பையன் அந்த விதிவிலக்குல வருவான். கேம் ஸ்ட்ரீம் பண்ணி யூடியூப்ல சம்பாதிக்கிற தம்பிகள் வர மாட்டாங்க. அவங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: தொழிலுக்குப் பயன்படுற கம்ப்யூட்டர், மென்பொருளுக்கு வருமான வரியில 40 சதவீதம் தேய்மானம் கிடைக்கும். பில் இருந்தாத்தான். கிராக்குக்கு யார் பில் கொடுப்பா?

நான் என்ன செய்யச் சொல்றேன்

முதல் வேலை, மெஷினைப் பிரிங்க. கேமுக்கு ஒண்ணு, காசுக்கு ஒண்ணு. ரெண்டு புது மெஷின் வாங்கச் சொல்லலை. வீட்டுல தூங்குற பழைய லேப்டாப் ரிட்டர்ன் ஃபைல் பண்ணவும் நெட் பேங்கிங்குக்கும் தாராளமா போதும். அதுல ஹார்ட் டிஸ்க் இருந்தா ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டுக்கோங்க. விண்டோஸுக்கு இன்னும் பாதுகாப்பு அப்டேட் வருதான்னு மட்டும் பார்த்துக்கோங்க. அதுவும் இல்லைன்னா மொபைல்லயே பேங்க் வேலையை முடிங்க. ஒரே மெஷின்ல ரெண்டு விண்டோஸ் போட்டுக்கிறேன்னு சிலர் சொல்றாங்க. ரெண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில இருக்கிறவரை, என்க்ரிப்ஷன் இல்லாம அது முழுப் பிரிவினை ஆகாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வச்சிருக்கிற வியாபாரிகளுக்கு இது ஆலோசனை இல்ல, கட்டாயம்னே எடுத்துக்கோங்க. அந்தக் கையெழுத்து நீங்க பேனாவுல போட்ட கையெழுத்துக்குச் சமம்.

பயாஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் ரெக்கவரி கீயைப் பார்த்து பேப்பர்ல எழுதி, பத்திரம் வைக்கிற ஃபைல்ல வைங்க. அக்கவுண்ட் உங்க சொந்த இமெயில்ல இருக்கா, கடைக்காரர் போட்டதான்னும் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. இதை இன்னைக்கே செய்யுங்க, கேம் ஆடாதவங்களும்.

விண்டோஸ் செக்யூரிட்டியில 'கோர் ஐசோலேஷன்' பகுதியில 'மெமரி இன்டெக்ரிட்டி' ஆன்ல இருக்கட்டும். ஒரு கேம் அதை ஆஃப் பண்ணச் சொன்னா, அந்த கேம் வேண்டாம். கேமை நீக்கும்போது ஆன்டி-சீட் தனியாத் தங்கிடும், ஆப்ஸ் பட்டியல்ல தேடி அதையும் நீக்குங்க.

அடுத்தது வாங்குற முறை. ஸ்டீம்ல கேம் பக்கத்துல வலது ஓரமா, மூணாவது கம்பெனி டிஆர்எம் இருக்கா, கெர்னல் ஆன்டி-சீட் இருக்கான்னு ஒரு கட்டம் வரும். கெர்னல் விஷயத்தைச் சொல்லியே ஆகணும்னு 2024 கடைசியிலதான் கட்டாயமாக்கினாங்க. ட்ரெய்லரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்தக் கட்டத்தைப் படிங்க. தெரியாம வாங்கிட்டீங்கன்னா, 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா காசு திரும்பக் கிடைக்கும். போலந்துக்காரங்களோட ஜிஓஜி தளத்துல பூட்டே இல்லாம இன்ஸ்டாலரைக் கொடுக்கிறாங்க. டவுன்லோடு பண்ணி ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு வச்சுக்கலாம். அங்கேயும் பேப்பர்ல அது லைசென்ஸ்தான், ஆனா சாவி உங்க கையில.

விலைக்கு என் கணக்கு இது. பூட்டு போட்ட கேமை மாச வாடகையா யோசிங்க. 4,000 ரூபாய் கேமை நாலு மாசம் ஆடுவீங்கன்னா மாசம் 1,000. அந்தத் தொகைக்கு ஒத்துக்கிட்டா வாங்குங்க, தப்பே இல்ல, சினிமாவுக்கும் ஹோட்டலுக்கும் கொடுக்கிறோமே. "எப்பவும் என்கிட்ட இருக்கும்"ங்கிற நினைப்புக்குன்னு தனியா ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீங்க. அவசரம் இல்லைன்னா ஒரு வருஷம் பொறுங்க. விலை பாதியா இறங்குறது சகஜம். பல கம்பெனிகள் முதல் விற்பனை வேகம் அடங்கினதும் டெனுவோவைத் தாங்களே கழட்டிடறாங்க, திருட்டு பயம் முதல் சில மாசம்தான். பொறுத்து வாங்குறவருக்கு பூட்டும் இல்ல, பாதி விலையும் மிச்சம். அறுவடை அன்னைக்கே நெல்லை வித்துத் தள்ளாம காய வச்சு விக்கிற ஆளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

காசு கட்டி கேம் திறக்கவே இல்லைன்னா, முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நகரலைன்னா நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம், அதாவது தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்துலயே. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது, ஆன்லைன்லயே மனு ஏத்தலாம். ஒப்பந்தமே நியாயமில்லாததுன்னு வாதாடணும்னா மட்டும் மாநில ஆணையத்துக்குப் போகணும். வெளிநாட்டுக் கம்பெனியை இழுக்கிறது சுலபம்னு நான் சொல்ல மாட்டேன், 4,000 ரூபாய்க்கு யார் அலைவாங்கங்கிறதும் நியாயமான கேள்வி. ஆனா புகார் பதிவாகுறதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. பணம் கட்டின ரசீது, 'வாங்கு' பட்டன் இருக்கிற பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட், கேம் திறக்க மறுக்கிற செய்தியோட ஸ்கிரீன்ஷாட், இந்த மூணையும் தேதியோட எடுத்து வச்சுக்கோங்க. வாங்குற அன்னைக்கே அந்த முதல் ரெண்டையும் எடுத்துடுங்க, ஸ்டோர் பக்கத்தை அவங்க எப்ப வேணும்னாலும் மாத்துவாங்க.